பழைய விமானம் விலைக்கு வந்தது!

கோடீஸ்வரர் பறந்த அரண்மனையை வாங்க ஆள் கிடைக்காத கதை

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் நாலு பக்கமும் சாலை ஓடும். வடக்கே நெய்வேலி, வடலூர். தெற்கே கும்பகோணம். கிழக்கே புவனகிரி, சிதம்பரம். மேற்கே விருத்தாசலம். பக்கத்தில் வெள்ளாறு. கொஞ்சம் தள்ளி வீராணம் ஏரி.

நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. கரும்பு வெட்டும் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசை வரிசையாக நிற்கும். அதனால் இங்கே பழைய டிராக்டர் வியாபாரமும் உண்டு.

பழைய டிராக்டர் வாங்குவது எப்படி என்று இங்கே சின்னப் பையன்கூடச் சொல்வான். காலையில் போக வேண்டும். என்ஜின் சூடாகும் முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா என்று பார்க்க வேண்டும். டயரைப் பார்க்க வேண்டும். ஆயில் கசிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

என் மாமாவும் சில ஆண்டுகளுக்கு முன்னால் இதையெல்லாம் பார்த்துத்தான் ஒரு டிராக்டர் வாங்கினார். வண்டி நன்றாகவே இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது.

"அடுத்த வாரம் பாக்கியைக் கட்டி, பேரை எடுத்துக் கொடுத்துடறேன்" என்றார் விற்றவர். மாமா நம்பினார். அத்தையின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

மூன்றாம் மாதம் பைனான்ஸ்காரர்கள் வந்தார்கள். வயலில் உழுதுகொண்டிருந்த டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாதி உழுத வயல் அப்படியே கிடந்தது. விற்றவரை ஊரில் காணோம். சங்கிலி திரும்பி வர நாலு ஆண்டு ஆயிற்று.

மாமாவுக்கு நடந்தது ஆகாயத்திலும் நடக்கும். டிராக்டருக்குப் பதில் ஜெட் விமானம். லட்சத்துக்குப் பதில் கோடி. அவ்வளவுதான் வித்தியாசம்!

சொந்த விமானம்

பணக்காரர்களும் பெரிய கம்பெனிகளும் சொந்தமாக ஜெட் விமானம் வைத்துக்கொள்வது உண்டு. டிக்கெட் வாங்க வேண்டாம். வரிசையில் நிற்க வேண்டாம். முதலாளி வந்து ஏறியதும் விமானம் கிளம்பும்.

இவற்றில் குட்டி விமானமும் உண்டு. நெடுந்தூர விமானமும் உண்டு. கல்ப்ஸ்ட்ரீம், குளோபல், பால்கன் என்பவை பேர்போன நெடுந்தூர விமானங்கள். அவற்றில் பெரியவை எங்கும் இறங்காமல் 11,000 கிலோமீட்டர், அதற்கு மேலும் பறக்கும். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர்தான். ஒரே மூச்சில் போய்விடலாம்.

புது விமானத்தின் விலை சில நூறு கோடி ரூபாய். அதனால் கோடீஸ்வரர்களே பலர் பழைய விமானம்தான் வாங்குகிறார்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும், ராணுவம் கழித்துப்போட்ட டகோடா விமானங்களை வாங்கிப் பழுது பார்த்துத்தான் நம் நாட்டில் பல விமானக் கம்பெனிகள் தொழில் நடத்தின.

பறக்கும் அரண்மனை

இப்போது கதைக்கு வருவோம்.

விஜய் மல்லையா என்ற சாராய ஆலை அதிபரை அறியாதவர் இல்லை. 2005-ம் ஆண்டு மே மாதம் அவருடைய கிங்பிஷர் விமானக் கம்பெனி பறக்கத் தொடங்கியது. அடுத்து அவர் சொந்த உபயோகத்துக்கு ஒரு பெரிய விமானம் வந்தது. ஏர்பஸ் ஏ-319 வகையைச் சேர்ந்தது.

இந்த வகை விமானத்தின் நீளம் 111 அடி. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 112 அடி. சாதாரண பயணிகள் விமானமாக இருந்தால் 120 பேருக்கு மேல் உட்காரலாம். மல்லையாவின் விமானத்தில் 25 பயணிகளுக்குத்தான் இடம். ஊழியர்கள் 6 பேர்.

மீதி இடம் எல்லாம் என்ன ஆயிற்று?

படுக்கை அறை ஆயிற்று. குளியல் அறை ஆயிற்று. கூடிப் பேச ஓர் அறை. மது அருந்த ஒரு மேடை. பறக்கும் அரண்மனை என்று சொன்னால் அது மிகை அல்ல.

ஒவ்வொரு விமானத்துக்கும் லாரி நம்பர் போல ஓர் எழுத்து வரிசை உண்டு. இந்திய விமானம் என்றால் "வி.டி." என்று தொடங்கும். அது வெள்ளைக்காரன் காலத்தில் வந்த எழுத்து. இந்த விமானத்தின் எழுத்து "வி.டி.-வி.ஜே.எம்." கடைசி மூன்று எழுத்துக்குள் முதலாளியின் பெயர் ஒளிந்திருந்தது!

நம் நெய்வேலியிலும் ஒரு சின்ன விமான தளம் இருக்கிறது. ஆனால் இந்த விமானம் அங்கே இறங்க முடியாது. ஓடுபாதை நீளம் போதாது.

சம்பளம் நின்றது

கிங்பிஷர் கம்பெனி கடனில் மூழ்கியது. 2012-ம் ஆண்டில் ஊழியர்களுக்கு மாதக் கணக்கில் சம்பளம் இல்லை. விமானிகள், என்ஜினீயர்கள், பெட்டி தூக்குகிறவர்கள் எல்லாரும் தவித்தார்கள். வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கம்பெனியின் விமானங்கள் பறப்பது நின்றது. பிறகு அவை பறக்கவே இல்லை.

பயணிகளிடம் டிக்கெட்டோடு சேர்த்து வசூல் செய்த சேவை வரியைக் கம்பெனி சர்க்காருக்குக் கட்டவில்லை என்று வரி இலாகா சொன்னது. பாக்கி 500 கோடி ரூபாய்க்கு மேல். 2013-ம் ஆண்டில் வரி இலாகா அந்தப் பறக்கும் அரண்மனையை ஜப்தி செய்தது.

விமானம் மும்பை விமான நிலையத்தில் ஓர் ஓரமாக நின்றது. நின்றது என்றால் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. நாலு ஆண்டுக்கு மேல்!

நிற்பதற்கும் இடம் வேண்டுமே? மும்பை நெருக்கடியான விமான நிலையம். இந்த ஒரு விமானம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால் மணிக்கு 13,000 முதல் 15,000 ரூபாய் வரை நஷ்டம் என்று விமான நிலையத்தை நடத்தும் கம்பெனி ஐகோர்ட்டில் முறையிட்டது. குறைந்த கணக்கைப் போட்டாலும் ஒரு நாளைக்கு 3 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். ஓர் ஆண்டுக்கு 11 கோடி ரூபாய்க்கு மேல்.

கொட்டகையில் சும்மா கட்டிப் போட்ட மாடு தீவனம் தின்கிற மாதிரி, சும்மா நின்ற விமானம் பணத்தைத் தின்றது.

ஏலம்! ஏலம்!

2016-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி மல்லையா இந்தியாவை விட்டு வெளியேறினார். பாங்குகளுக்கு வர வேண்டிய பாக்கி 9,000 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம் விமானத்தை வரி இலாகா ஏலம் விட்டது. குறைந்த பட்ச விலை 152 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள்.

எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? ஒரே ஒருவர். துபாயில் உள்ள ஒரு கம்பெனி.

எவ்வளவுக்குக் கேட்டது? 1 கோடியே 9 லட்சம் ரூபாய்!

கேட்டவர்கள் திகைத்தார்கள். சொன்ன விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு டிராக்டர் 8 லட்சம் ரூபாய் என்று வைத்தால் 13 டிராக்டர் வாங்கும் பணம். அந்தப் பணத்துக்கு 111 அடி நீள விமானம்! அதிகாரிகள் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் மறுபடியும் ஏலம். இந்தத் தடவை 27 கோடியே 39 லட்சம் வரை கேள்வி வந்தது. அதுவும் போதாது என்று தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகும் முயன்று பார்த்தார்கள். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது.

படுக்கை அறை இருக்கிறது. குளியல் அறை இருக்கிறது. பிறகு ஏன் ஆள் இல்லை?

நின்றால் கெடும்

விமானம் பறக்கப் பிறந்தது. நிற்க வைத்தால் அதற்கு நோய் வரும்.

டயர் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும். அவ்வப்போது உருட்டி வைக்க வேண்டும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். எண்ணெய்த் தொட்டியில் ஈரம் சேரும். அந்த ஈரத்தில் பாசி மாதிரி நுண்ணுயிர் வளரும். அது குழாயை அடைக்கும். மூடி வைக்காவிட்டால் என்ஜின் வாயில் குருவி கூடு கட்டும்.

மும்பை கடலோர ஊர். உப்புக் காற்று. நம் பக்கம் பரங்கிப்பேட்டையில் கடலோரத்து வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். இரண்டு மழைக்கே பொரிந்துபோகும். விமானத்தின் உடம்பு அலுமினியக் கலவை. அதையும் உப்பு அரிக்கும்.

நீண்ட காலம் நிறுத்துவதானால் அதற்கு ஒரு முறை உண்டு. என்ஜினுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைத்து மூட வேண்டும். குறித்த நாளில் திறந்து பார்க்க வேண்டும். பார்த்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும்.

பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை விமானத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்தக் கெடு தவறியிருந்தால், வாங்குகிறவர்தான் செலவு செய்து எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அதுவரை அது பறக்கக் கூடாது. வாங்கியவர் விமானத்தை மாட்டு வண்டியிலா ஏற்றிக்கொண்டு போவார்?

தட்டிப் பார்த்து வாங்கு!

சரி, ஒழுங்காகப் பழைய விமானம் வாங்குகிறவர்கள் எப்படி வாங்குகிறார்கள்?

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்கும்போது பெண்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல் இருக்கிறது.

விமானத்தையும் அப்படித் தட்டிப் பார்க்கிறார்கள்! வேடிக்கை அல்ல, உண்மை. இப்போது விமானத்தின் பல பாகங்கள் அடுக்கு அடுக்காக ஒட்டிச் செய்தவை. உள்ளே ஓர் அடுக்கு விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. என்ஜினீயர் ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியாலோ மெல்லத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீசால் வட்டம் போடுவார்.

என்ஜினுக்குள் பாம்பு போல வளையும் ஒரு குழாயை விடுவார்கள். அதன் நுனியில் கேமரா. டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் புண்ணைப் பார்ப்பது போல, என்ஜின் இலைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நாற்காலியைக் கழற்றுவார்கள். தரைப் பலகையைத் தூக்குவார்கள். சமையல் அறைக்கும் கழிப்பறைக்கும் அடியில் நன்றாகப் பார்ப்பார்கள். தண்ணீர் சிந்துகிற இடம் அல்லவா? துரு அங்கேதான் பிடிக்கும்.

இந்தச் சோதனைக்குக் கூலி கொடுப்பவர் வாங்குகிறவர். பறப்பதற்கு ஆபத்தான குறை இருந்தால் அதைச் சரி செய்து கொடுப்பவர் விற்கிறவர். பொதுவாக வழக்கம் இப்படி. மாமாவின் டிராக்டருக்கு இப்படி ஒரு வழக்கம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நோட்டுப் புத்தகத்தின் விலை

இவ்வளவு சொன்னேனே, விமானத்தில் மிக உயர்ந்த பொருள் எது?

என்ஜின் என்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் அந்த என்ஜினுக்கும் விலை கொடுப்பது ஒரு நோட்டுப் புத்தகம்.

தொழிற்சாலையை விட்டு வந்த நாள் முதல் விமானம் எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை ஏறி இறங்கியது, எந்தத் திருகாணியை என்றைக்கு யார் மாற்றினார்கள், எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து வேண்டும்.

ஏன் இத்தனை கண்டிப்பு? என்ஜினுக்குள் சுழலும் தட்டுகளுக்கு ஆயுள் உண்டு. ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தால் ஒரு சுற்று. இத்தனை ஆயிரம் சுற்று ஆனதும் தட்டைக் கழற்றி எறிய வேண்டும். பார்ப்பதற்குப் புதிதாகப் பளபளத்தாலும் எறிய வேண்டும். வெடித்துச் சிதறினால் என்ஜினின் உறையையே கிழித்துக்கொண்டு பாயும் பொருள் அது.

அந்தத் தட்டு எத்தனை சுற்று ஓடியது என்பது தட்டைப் பார்த்தால் தெரியாது. புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். புத்தகம் தொலைந்தால்? பல கோடி ரூபாய்ப் பொருள் பழைய இரும்பு விலைக்குப் போகும்.

எழுத்து படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் விமானத்தின் விலை தெரியும் என்று ஓர் என்ஜினீயர் நண்பர் என்னிடம் சொல்வார்.

வில்லங்கம் பார்ப்பது

நிலம் வாங்கும்போது சேத்தியாத்தோப்பில் முதல் வேலை என்ன? வில்லங்கச் சான்று எடுப்பது. விமானத்துக்கும் அது உண்டு.

2001-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப் டவுன் நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 2006-ம் ஆண்டு முதல் விமானங்களுக்கென்று ஓர் உலகப் பதிவேடு நடந்து வருகிறது. அதன் அலுவலகம் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் இருக்கிறது. எந்த விமானம் யாரிடம் ஈடாக இருக்கிறது என்று எந்த ஊரிலிருந்தும் கேட்டுப் பார்க்கலாம். இந்தியா 2008-ல் இதில் சேர்ந்தது.

ஆனால் எல்லா வில்லங்கமும் பதிவேட்டில் ஏறிவிடாது. ஊழியர் சம்பளம், வரி, பழுது பார்த்த கூலி இவை போன்ற பாக்கிகள் பதிவு செய்யாமலே முன்னால் வந்து நிற்கும். கிங்பிஷர் கதையில் சம்பளமும் வரியும்தானே நின்றன!

ஆகவே பணத்தை யாரும் நேரே விற்கிறவர் கையில் கொடுப்பது இல்லை. நடுவில் ஒரு மூன்றாம் ஆளிடம் கட்டுவார்கள். அமெரிக்க விமானங்களின் பதிவு அலுவலகம் ஒக்லஹோமா சிட்டி என்ற ஊரில் இருக்கிறது. அந்த ஊரில் இப்படிப் பணத்தை வைத்துக் காப்பதே சில கம்பெனிகளுக்குத் தொழில்.

விற்கும் நாளில் எல்லாரும் டெலிபோனில் கூடுவார்கள். வாங்குகிறவர் "சரி" என்பார். விற்கிறவர் "சரி" என்பார். கடன் கொடுத்த பாங்குக்காரர் "எங்கள் பாக்கி தீர்ந்தது" என்பார். அதற்குப் பிறகுதான் பணம் அசையும். பத்திரமும் அசையும்.

பாடகர் வாங்கிய விமானம்

வில்லங்கம் பார்க்கும் விஷயத்தில் பெரிய பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். எல்விஸ் பிரெஸ்லி என்ற அமெரிக்கப் பாடகர் உலகப் புகழ் பெற்றவர். அவருக்கு ஒரு பெரிய விமானம் வாங்க ஆசை. 1975-ம் ஆண்டு ஒரு பழைய போயிங் 707 விமானத்தை 15 லட்சம் டாலருக்குப் பேசினார். 75,000 டாலர் முன்பணமும் கொடுத்தார்.

அந்த விமானம் முன்பு ராபர்ட் வெஸ்கோ என்பவரிடம் இருந்தது. வெஸ்கோ பண மோசடி வழக்குக்குப் பயந்து அமெரிக்காவை விட்டு ஓடிய பணக்காரர். விமானத்தை வெளிநாட்டில் இறக்கினால் அங்கே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு வந்தது. எல்விஸ் பின்வாங்கிவிட்டார்.

மாமாவின் டிராக்டரும் எல்விசின் விமானமும் ஒரே ஜாதகம்! எல்விசுக்கு மட்டும் யாரோ நேரத்தில் சொல்லிவிட்டார்கள்.

பிறகு டெல்டா என்ற விமானக் கம்பெனி கழித்த கான்வேர் 880 விமானத்தை 2 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அதைச் சோடிக்க, வாங்கிய விலையைவிட அதிகம் செலவு செய்தார். இருக்கைப் பட்டைகளின் கொக்கிக்குத் தங்க முலாம்! மகள் பெயரை விமானத்துக்கு வைத்தார். 1976-ம் ஆண்டு ஒரு நாள் இரவு, டென்வர் நகரில் ஓர் ஓட்டலில் செய்யும் ரொட்டியின் மேல் ஆசை வந்து, நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாராம். அந்த விமானம் இப்போது மெம்பிஸ் நகரில் அவர் வீட்டருகே காட்சிப் பொருளாக நிற்கிறது. ஜனங்கள் பணம் கொடுத்து ஏறிப் பார்க்கிறார்கள்.

அவருடைய இன்னொரு விமானத்துக்கு அந்த யோகம் இல்லை. 1976 டிசம்பரில் 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய ஜெட்ஸ்டார் அது. அவர் இறந்த பிறகு கை மாறியது. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 30 ஆண்டுக்கு மேல் வெயிலில் நின்றது. என்ஜின்கள் இல்லை. விமானி அறைக் கருவிகள் பல இல்லை. 2023 ஜனவரியில் 2 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலையும் விமானத்துக்கு அல்ல, எல்விஸ் பெயருக்கு!

வாங்கிய பிறகுதான் செலவு

விமானம் வாங்கியாயிற்று. மாலை போட்டாயிற்று. இனிச் செலவு இல்லை என்று நினைக்க வேண்டாம்.

ஏ-319 போன்ற விமானம் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 2,000 கிலோவுக்கு மேல் எண்ணெய் குடிக்கும். விமானிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். கொட்டகை வாடகை, இன்சூரன்ஸ், இறங்கும் இடம் எல்லாம் கட்டணம். முதலாளி வீட்டில் தூங்கும்போதும் செலவு தூங்காது.

வரியும் உண்டு. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரியை மாற்றினார்கள். சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 28 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதம் ஆயிற்று. அதே நாளில் விவசாய டிராக்டருக்கு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

இந்தச் செய்தி வந்த அன்று சேத்தியாத்தோப்பில் விமானத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசி ஏலம்

மும்பையில் நின்ற அரண்மனை என்ன ஆயிற்று?

வழக்கு கர்நாடக ஐகோர்ட்டுக்குப் போனது. 2018-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் மறுபடியும் ஏலம் நடந்தது. இந்தத் தடவை அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு விமான வியாபாரக் கம்பெனி அதிக விலை கேட்டது.

50 லட்சத்து 50 ஆயிரம் டாலர். நம் பணத்தில் 34 கோடியே 80 லட்சம் ரூபாய்.

152 கோடி எங்கே, 34 கோடி எங்கே! நாலில் ஒரு பங்குகூட இல்லை. வரிப் பாக்கிக்கு இது எந்த மூலைக்கு? சம்பளம் வராமல் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கு அலைந்த ஊழியர்களுக்கு இது எந்த மூலைக்கு?

இருந்தாலும், முதல் ஏலத்தில் வந்த 1 கோடியே 9 லட்சத்தோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். அன்றைக்கு அதிகாரிகள் அவசரப்பட்டுக் கொடுக்காதது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஜப்தி செய்த உடனே சூட்டோடு சூடாக விற்றிருந்தால்?  

பழைய விமானம் வாங்குகிற கம்பெனிகள் எல்லாம் பறப்பதற்காகவே வாங்குவது இல்லை. என்ஜினைத் தனியாக விற்பார்கள். சக்கரக் கால்களைத் தனியாக விற்பார்கள். விமானி அறைக் கருவிகளைத் தனியாக விற்பார்கள். நம் ஊரில் பழைய லாரியை உடைத்து விற்பது மாதிரிதான். அதற்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாத பாகத்தை ஒரு விமானக் கம்பெனியும் தொடாது.

இந்தக் கதையை எல்லாம் போன வாரம் மாமாவிடம் சொன்னேன். அவர் இப்போது வேறு டிராக்டர் வைத்திருக்கிறார். இதுவும் பழையதுதான். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது. அதை அத்தை நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

திண்ணையில் உட்கார்ந்து மாமா முழுக்கக் கேட்டார். படுக்கை அறை, குளியல் அறை எதிலும் அவருக்கு ஆச்சரியம் இல்லை. 152 கோடியிலும் இல்லை.

"அது கெடக்கட்டும் மாப்ளே. நாலு வருஷம் சும்மா நின்னுதுன்னு சொல்றியே, மாசத்துக்கு ஒரு தடவையாவது யாராச்சும் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனார். மழை பிடித்துப் பத்து நாளாக அவருடைய டிராக்டர் வெளியே போகவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது.